இலங்கை முழுவதையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட முடியுமா? மாதமும் வழித்தடமும் குறித்து ஆலோசனை தேவை

வைகைக்கரை (மதுரை) கேட்டது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். குடும்பத்துடன் இலங்கைக்குச் சென்று வர எண்ணியிருக்கிறோம். நான், என் மனைவி, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடிக்கும் மகள், எழுபதைக் கடந்த என் பெற்றோர் என ஐந்து பேர். பத்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்க முடியும். கோடை விடுமுறையில், அதாவது ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ போகலாம் என்பது முதல் எண்ணம். அது சரிப்படாது என்றால் டிசம்பர் விடுமுறைக்குத் தள்ளி வைக்கவும் தடையில்லை.

ஐவருக்கும் ஐந்து விருப்பங்கள் இருக்கின்றன. சம்பந்தர் பாடிய திருகோணமலைக் கோணேச்சரத்தைக் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. அம்மாவுக்குக் கதிர்காமம். மகள் தேயிலை மலைகளுக்கு நடுவே போகும் ரயிலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். மனைவிக்கு அலை அதிகம் இல்லாத கடலும், முடிந்தால் காட்டில் யானைக் கூட்டமும் பார்க்க வேண்டும். எனக்குப் பொலன்னறுவையில் சோழர் விட்டுச் சென்றவற்றைப் பார்க்க வேண்டும்.

வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். கொழும்பில் இறங்கி, காலி, யால காடு, கதிர்காமம், எல்ல, நுவரெலியா, கண்டி, சிகிரியா, பொலன்னறுவை, திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார் வழியாக மறுபடியும் கொழும்பு. தீவின் பரப்பு 65,610 சதுரக் கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதி என்பதால் இது முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால், நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, பெற்றோரை அழைத்துக்கொண்டு இப்படி அலைவது நல்லதல்ல என்கிறார். இந்த வட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா, எந்த மாதம் ஏற்றது, அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் எந்த இடங்களைத் தவிர்க்க வேண்டும் என்பதை அனுபவப்பட்டவர்களும் அந்த ஊர்க்காரர்களும் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கோணமலை (திருகோணமலை) எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விகளில் முதலில் தீர்க்க வேண்டியது மாதத்தைப் பற்றியதுதான். அது தெரிந்துவிட்டால் வழித்தடம் பாதி தீர்ந்த மாதிரி. எங்கள் நாட்டில் மழைக்காலம் என்பது ஊருக்கு ஊர் மாறுவது. மே பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும், காலியையும், இரத்தினபுரியையும், நடு மலைகளின் மேற்குச் சரிவையும் நனைத்துத் தள்ளும். அதே காற்று மலைகளில் ஈரத்தை இறக்கிவிட்டுக் கிழக்கே எங்கள் பக்கம் வந்து சேரும்போது வறண்ட காற்றாக மாறிவிடுகிறது. ஆகவே கொழும்பில் குடை பிடிக்கும் மாதங்களில் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வானம் வெளித்து, கடல் குளம் போலக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழ். எங்களுக்கு மழையும் கொந்தளிப்பும், தெற்குக் கரைக்கு நல்ல வெயில். ஒக்டோபர், நவம்பரில் தீவு முழுவதுமே மழைக்கும் புயலுக்கும் உரியது.

இதைப் பொருட்படுத்தாமல் வட்டம் போட்டால் எந்த மாதத்தில் வந்தாலும் உங்கள் பயணத்தின் ஒரு பாதி மழையில்தான் கழியும். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தென்மேற்கில் பெருவெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டது மே மாதத்தின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். எனவே மே மாதம் வருவதானால் முதல் பாதியில் வாருங்கள். காலியையும் தெற்குக் கரையையும் விட்டுவிட்டுக் கிழக்கே வாருங்கள். டிசம்பரில் வருவதானால் எங்கள் ஊரை விட்டுவிட்டுத் தெற்கே போங்கள். உங்கள் தந்தையார் கோணேச்சரத்துக்கு முதலிடம் தருகிறார் என்பதால் மே மாதமே பொருத்தம் என்பது என் முடிவான கருத்து.

கோயில் பற்றி ஒரு விவரம். கோணேச்சரம் பிரட்றிக் கோட்டைக்குள்ளே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கிறது. பழைய ஆலயத்தை 1622இல் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். கோட்டை வாசலிலிருந்து மேலே போகும் பாதை ஏற்றமாக இருந்தாலும் கடுமையானதன்று. வழியெல்லாம் புள்ளி மான்கள் மனிதருக்கு அஞ்சாமல் மேய்ந்துகொண்டிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் இடத்தில் நண்பகலில் கல் நெருப்பாய்ச் சுடும் என்பதால், பெற்றோரைக் காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ அழைத்துச் செல்லுங்கள். மாலையில் போனால், கோயிலுக்குப் பக்கத்தில் பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டில் நின்று கீழே கடலைப் பார்க்கலாம். கடல் ஆமைகள் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி அமிழ்வது அந்த உயரத்திலிருந்தே தெரியும்.

உங்கள் மனைவி கேட்ட கடல் நிலாவெளியில் இருக்கிறது. அங்கிருந்து படகில் புறாமலைத் தீவுக்குப் போனால் கரையோரத்திலேயே பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் பார்க்கலாம். பவளத்தின் மீது கால் வைக்க வேண்டாம் என்று மகளிடம் மட்டும் சொல்லி வையுங்கள். மிதித்து முறிந்தது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். கன்னியா வெந்நீரூற்றுக்கும் போய் வாருங்கள். ஏழு கிணறுகளிலும் வெப்பம் ஒன்றுக்கொன்று வேறுபடும்; முழங்கால் வலிக்கு அந்த வெந்நீர் இதமானது என்று எங்கள் ஊர் முதியவர்கள் சொல்வார்கள்.

ஊர்சுற்றி (கோவை) எழுதியது:

மூத்தவர் மாதத்தைச் சொல்லிவிட்டார். நான் சாலையைப் பற்றிச் சொல்கிறேன். வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டமிடுவதுதான் நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பலருக்கும் ஏற்படும் சிக்கல். நான்கு வழிச் சாலையில் மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகிற கணக்கை அங்கே கொண்டுபோகக் கூடாது. கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர்தான்; ஆனால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டர்கூட இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். விரைவுச்சாலைகள் இருப்பது பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியும் தெற்கிலும்தான்; மற்ற இடங்களில் சாலை நன்றாக இருந்தாலும் அகலம் குறைவு, ஊர்களுக்கு நடுவே போகும், வேகக் கட்டுப்பாட்டையும் காவல்துறையினர் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் வட்டத்தில் பன்னிரண்டு ஊர்கள் இருக்கின்றன. அப்படியே போனால் நாள்தோறும் பெட்டி கட்டுவதும், வேனில் உட்காருவதும், இருட்டிய பிறகு அடுத்த விடுதியில் இறங்குவதுமாகப் பயணம் முடிந்துவிடும். முழங்கால் வலி உள்ளவருக்கு ஏறி இறங்குவதைவிட மடக்கிய காலுடன் நான்கைந்து மணி நேரம் வேனில் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய துன்பம் என்பதை என் தாயாரை அழைத்துப் போனபோது நேரில் பார்த்தேன். ஓர் ஊரில் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற அளவில் ஊர்களைக் குறைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் இன்னொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, கொழும்பிலிருந்து சிகிரியா பக்கம் போய், அங்கிருந்து திருகோணமலை, பிறகு கண்டி, மலை, கதிர்காமம் என்று முடித்துக்கொள்ளலாம்.

சிகிரியா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரையிலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பாறை அது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற மன்னன் அதன் தலையில் அரண்மனை கட்டினான். ஏறுவதற்கு 1,200 படிகளுக்குக் குறையாது. நடுவில் பாறையோடு ஒட்டிய இரும்புப் படிகள் உண்டு. உங்கள் அம்மா ஏற வேண்டாம். ஆனால் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடவும் வேண்டாம். பாறைக்கு முன்னால் இருக்கும் நீர்த் தோட்டத்தில் நீரூற்றுகளுக்காக அமைத்த நிலத்தடிக் குழாய்களும் துளையிட்ட கற்தட்டுகளும் இன்னும் இருக்கின்றன. நல்ல மழைக்குப் பிறகு அந்த ஊற்றுகள் இப்போதும் பீச்சும். நீங்களும் மகளும் மேலே போய் வரும் வரை பெற்றோர் அங்கே மர நிழலில் நிம்மதியாக இருக்கலாம். காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு அதிகம் என்றாலும் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு; கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தால்தான் அது கிடைக்கும்.

பொலன்னறுவை சமதளம் என்பதால் பெரியவர்களுக்குச் சிரமமே இல்லை. நீங்கள் தேடிப் போவது அங்கே ‘இரண்டாம் சிவ தேவாலயம்’ என்று பெயர்ப் பலகை வைத்திருக்கும் வானவன்மாதேவீச்சரம். நகரத்தில் முழுமையாக நிற்கும் கட்டடங்களில் அதுதான் பழமையானது. செங்கல்லும் சுதையுமாக இருக்கும் மற்ற சின்னங்களுக்கு நடுவே அது மட்டும் அடியிலிருந்து விமானம் வரை கருங்கல்லில், தஞ்சை வட்டாரத்துச் சிறு கோயில் ஒன்றைப் பெயர்த்து வைத்தது போல நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகளை விரலால் தடவிப் படிக்கலாம். 1070இல் சிங்கள மன்னன் முதலாம் விசயபாகு சோழரிடமிருந்து நகரை மீட்ட பிறகும் அந்தக் கோயிலை யாரும் இடிக்கவில்லை என்பதை அங்கே நிற்கும்போது எண்ணிப் பாருங்கள். இன்றும் யாராவது உள்ளே விளக்கேற்றிப் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்) எழுதியது:

கோவை அன்பர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தை இன்னொரு பயணத்துக்குத் தள்ளுங்கள் என்பதை மட்டும் மறுக்கிறேன். கொழும்பில் இறங்கிக் கொழும்பிலிருந்தே திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வதால்தான் வடக்கு உங்களுக்குத் தூரமாகத் தெரிகிறது. கொழும்பிலிருந்து நாங்கள் 400 கிலோமீட்டர். ஆனால் திருச்சியிலிருந்து விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். சென்னையிலிருந்தும் விமானம் இருக்கிறது. 2023 முதல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விடுகிறார்கள். இருந்தாலும் காலநிலை பார்த்து அதை நிறுத்திவிடுவதுண்டு என்பதால் பெரியவர்களோடு வருபவர்கள் அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். வடக்கில் இறங்கி, தெற்கு நோக்கி ஒரே கோடாகப் போய், கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானம் ஏறுங்கள். போன வழியிலேயே திரும்பி வரும் வேலை இல்லை. ஓர் ஊரில் இரண்டு இரவு என்ற அவருடைய விதியையும் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

அதோடு, நிலம் மாறுவது அந்தக் கோட்டில்தான் நன்றாகத் தெரியும். எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல்; பெய்யும் மழை அதற்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. கிணறுதான் எங்கள் வாழ்வு. செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் அந்தக் கிணற்று நீரில்தான் விளைகின்றன. ஆனையிறவைத் தாண்டினால் உப்பளமும் களப்பும். வன்னிக்குள் நுழைந்தால் காடும் குளமும் வயலும். அங்கிருந்து மலைக்குப் போய்ச் சேரும்போது, ஒரே நாட்டில்தான் இருக்கிறோமா என்று உங்கள் மகள் கேட்பாள்.

மே மாதத்தில் இங்கே வெயில் கடுமை. மதுரைக்காரருக்கு அது புதிதன்று. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரத் தொடங்கும் காலம் அது. சந்தையில் வாங்கும்போது தோல் பச்சை கலந்து இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள், உள்ளே செம்மஞ்சளாய்ப் பழுத்திருக்கும். நல்லூரில் திருவிழா ஆடி, ஆவணியில்தான் என்பதால் மே மாதத்தில் கூட்டம் இல்லாமல் ஆறுதலாகக் கும்பிடலாம். அர்ச்சனைச் சீட்டு அங்கே இன்னும் ஒரு ரூபாய்தான். பூசை குறித்த நிமிடத்தில் தொடங்கும். ஆண்கள் மேலாடையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கீரிமலையில் கடல் அலையிலிருந்து சில அடி தள்ளி நன்னீர் ஊற்றெடுக்கும் கேணி இருக்கிறது. உங்கள் அப்பா அதில் இறங்கி நீராடிவிட்டு நகுலேச்சரம் சிவன் கோயிலுக்குப் போகலாம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1981 மே 31 இரவு அதற்குத் தீ வைக்கப்பட்டது. 97,000க்கு மேற்பட்ட நூல்களும் மீண்டும் பெற முடியாத ஏடுகளும் அழிந்தன. அதே வெள்ளைக் கட்டடத்தை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். வாசகர்கள் படித்துக்கொண்டிருக்கும் இடம் என்பதை மனத்தில் வைத்து, பார்வையாளருக்கு ஒதுக்கிய நேரத்தில் போங்கள். பத்தாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு இந்தத் தீவில் காட்ட வேண்டிய முதல் இடமாக நான் அதைத்தான் சொல்வேன்.

நெடுந்தீவுக்குப் போகச் சொல்லி எல்லோரும் எழுதுவார்கள். பவளக் கல் வேலிகளும், மட்டக்குதிரைகளும், பெருக்க மரமும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் குறிகட்டுவானிலிருந்து படகு ஒரு மணி நேரம் ஓடும், காற்று பலமான நாளில் ஆட்டம் அதிகம், ஏறி இறங்கும் இடத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும். பெற்றோருக்கு அது வேண்டாம். அதே துறையிலிருந்து கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய நயினாதீவு போதும். நாகபூசணி அம்மன் கோயிலும் பௌத்தர்களின் நாகவிகாரையும் ஒரே கரையில் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன.

கொழுந்துமலை (ஹட்டன்) எழுதியது:

அண்ணா, உங்கள் மகள் ஆசைப்படும் புகையிரதப் பாதையின் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். முதலில் ஓர் எச்சரிக்கை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலின்போது மலையகத்தில் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டு உயிர்கள் போயின. புகையிரதப் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே நீங்கள் வரும் நேரத்தில் எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்பதைப் புகையிரதத் திணைக்களத்தின் (ரயில்வே துறையின்) அறிவிப்பில் பார்த்துவிட்டு அதற்கேற்பத் திட்டமிடுங்கள். முன்பதிவு முப்பது நாளுக்கு முன்பே தொடங்கும், கண்டியிலிருந்து எல்ல வரைக்கான இருக்கைகள் உடனே தீர்ந்துவிடும். அது கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். ஏழு மணி நேரப் பயணத்தைப் பெரியவர்களால் தாங்கவும் முடியாது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் உள்ள நானுஓயாவில் ஏறிப் பண்டாரவளையிலோ எல்லயிலோ இறங்குங்கள். பாதையின் நல்ல பகுதி அதற்குள்ளேயே வந்துவிடும்.

அந்தப் பகுதியில் ஓர் இடத்தை மகளுக்குச் சொல்லி வையுங்கள். பட்டிப்பொல நிலையம்தான் நாட்டிலேயே உயரமான நிலையம். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். கோணமலை ஐயா சொன்ன இரண்டு மழைக்காலங்களும் பிரியும் இடம் அந்த மலைமுதுகுதான். மேற்கே பனியும் தூறலுமாக இருக்கும். வண்டி சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால் ஊவாப் பக்கத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தேயிலைக்கும் இது பொருந்தும். மேற்குச் சரிவில் உள்ள திம்புளைத் தேயிலைக்கு மணம் கூடுவது ஜனவரி முதல் மார்ச் வரை. கிழக்குச் சரிவில் உள்ள ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. வறண்ட காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கத்துக் கொழுந்துக்கு அந்தக் காலத்தில் சுவை. அதைத் தாண்டி இதல்கஸ்ஹின்ன என்ற சிறு நிலையத்தில் பாதையின் இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு இறங்கும். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தனக்கு அடியிலேயே நுழைந்து போகும். எல்லோரும் படம் எடுக்கும் ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் இருக்கிறது. வண்டிக்குள் இருப்பவர்களுக்கு அது சரியாகத் தெரியாது, எல்லயிலிருந்து ஆட்டோவில் போய்ப் பார்க்க வேண்டும். வண்டியின் கதவருகே வெளியே தொங்கிக்கொண்டு படம் எடுக்க மகளை விடாதீர்கள். அப்படி விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டம் அழகுதான். அந்த அழகை உண்டாக்கியவர்கள் உங்கள் பக்கத்திலிருந்து வந்தவர்கள். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்காக அழைத்து வரப்பட்டு, மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கத் தொடங்கி, பிறகு தேயிலை வந்தது. 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் பாட்டன்மார் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நீலகிரியிலும் கூடலூரிலும் எங்கள் உறவுகள் இருப்பது அதனால்தான்.

ஆகவே மலைச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் அக்காமாரைக் கண்டால் உடனே கைபேசியைத் தூக்காதீர்கள். ‘வணக்கம் அக்கா’ என்று தமிழில் பேசுங்கள், முகம் மலரும். குறித்த நிறை எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் என்பதால் அவர்களை நீண்ட நேரம் நிறுத்தி வைக்க வேண்டாம். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்த்தால் இந்த வேலையின் கடினம் விளங்கும். நெற்றியில் பட்டி போட்டு முதுகில் தொங்கவிட்ட பை நிறைய ஈரக் கொழுந்தைக் கொண்டுவந்து தராசில் மாட்டுவார்கள். தண்ணீருக்கென்று சில கிலோவைக் கழித்துத்தான் கணக்கில் எழுதுவார்கள். தோட்டத்துக் கோயில்களில் பல, நீங்கள் ஊரில் கும்பிடும் அதே மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் உரியவை. உங்கள் அம்மாவை அப்படி ஒரு கோயிலுக்கு அழைத்துப் போங்கள்; லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வராதீர்கள். புத்தாண்டு விடுமுறையை ஒட்டி அங்கே வசந்த காலக் கொண்டாட்டம் நடக்கும்; அறை வாடகை பல மடங்கு ஏறும், சாலையில் வாகனம் நகராது. மே முதல் பாதியில் பிற்பகல் இடிமழை வரும், காலைப் பொழுது பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மலையகத்துத் தங்கை எழுதியதைக் கேட்டுவிட்டு, தன் பெரியப்பா ஒருவர் கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை என்று அவர் சொன்னார். எனக்கே அது இன்றுதான் தெரியும்.

வட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். மே முதல் வாரம் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம், பிறகு திருகோணமலை, அங்கிருந்து பொலன்னறுவைக்கும் சிகிரியாவுக்கும் பொதுவாக ஹபரணையில் தங்கல், கண்டியில் ஓர் இரவு, நுவரெலியாவிலும் எல்லயிலுமாக மலை, கடைசியில் கதிர்காமம், கொழும்பு என்று முடிவு செய்திருக்கிறோம். காலி, மன்னார், யால மூன்றையும் நீக்கிவிட்டோம். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. யால இல்லாமல் யானை பார்க்க முடியுமா? கதிர்காமத்தில் வழிபாட்டு முறை நம்முடையதைப் போன்றதா, அம்மாவை எதற்கு ஆயத்தப்படுத்த வேண்டும்?

கோணமலை (திருகோணமலை) எழுதியது:

தம்பி, நல்ல திட்டம். யானைக்கு யால தேவையே இல்லை. ஹபரணையில் தங்குகிறீர்கள், மின்னேரியாவும் கவுடுல்லையும் அங்கிருந்து பக்கம். மின்னேரியா, மகாசேனன் என்ற மன்னன் கட்டிய குளம். வறட்சி கூடக் கூட நீர் பின்வாங்கி, குளத்தின் படுகையில் புதுப்புல் முளைக்கும். அதைத் தின்ன ஆகஸ்ட், செப்டம்பரில் நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும். மே மாதத்தில் அவ்வளவு இருக்காது என்றாலும் பிற்பகலில் போனால் கூட்டங்களைப் பார்க்க வாய்ப்பு உண்டு. எந்தக் காட்டில் யானைகள் நடமாடுகின்றன என்பதை அன்று காலை விடுதியில் விசாரித்துவிட்டு ஜீப் பிடியுங்கள். திருகோணமலையிலிருந்து ஹபரணைக்கு வரும் சாலையிலேயே மாலையில் யானை நிற்பதுண்டு. அதனால் இருட்டுவதற்கு முன் அந்தச் சாலையைக் கடந்துவிடுங்கள், வேனை நிறுத்தி உணவு கொடுக்காதீர்கள்.

கதிர்காமத்தில் ஆகமப் பூசையை எதிர்பார்க்க வேண்டாம். சிவாச்சாரியார் இல்லை, கப்புறாளைமார் எனப்படும் சிங்களப் பூசகர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பேசாமல் பூசை செய்வார்கள். மூலவரைக் காண முடியாது; முருகனையும் தேவியரையும் வரைந்த திரைதான் தரிசனம். திரை விலகாதா என்று அம்மா காத்திருந்து ஏமாறாமல் இருக்க இதை முன்பே சொல்லி வையுங்கள். மாணிக்க கங்கையில் கால் நனைத்துவிட்டு, வாசலில் கடைகளில் கிடைக்கும் பழத்தட்டை வாங்கிக்கொண்டு போவது வழக்கம். சிங்கள மக்களும் அதே அளவு பக்தியோடு தட்டு ஏந்தி வருவார்கள். பூசை நேரத்துக்கு அரை மணி முன்பே போனால் அம்மாவை நெரிசல் இல்லாமல் உள்ளே அழைத்துப் போகலாம். கங்கையிலிருந்து கோயில் வரை நிழலான சமதரை. முழங்காலுக்குச் சிரமம் இல்லை. எதிரே உள்ள கதிரமலைக்கு ஜீப் போகும்.

ஊர்சுற்றி (கோவை) எழுதியது:

கொழும்பில் விமானத்துக்கு முன் அரை நாள் கிடைத்தால் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். காலியைப் பார்க்கவில்லை என்ற குறைக்கு அங்கே ஓர் ஈடு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த கல் அது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெற்குக் கரையில் அப்போது கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாரையும் போற்றுகிறது. பொலன்னறுவையில் தோண்டியெடுத்த நடராசர் செப்புத் திருமேனிகளும் அதே கட்டடத்தில் இருக்கின்றன என்பதால் அப்பாவுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

மே மாதத்தில் பௌத்தர்களின் பெருவிழாவான வெசாக் வரும். முழுநிலவு நாளும் அதற்கு அடுத்த நாளும் நாடு முழுவதும் விடுமுறை. ஊரெங்கும் காகிதக் கூடுகளும் மின்விளக்குப் பந்தல்களும், வழிப்போக்கர் எல்லோருக்கும் இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல்களும் இருக்கும். வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடலாம், யாரும் ஊர் கேட்பதில்லை. ஆனால் நகரச் சாலைகளில் மாலைக்கு மேல் வண்டி நகராது. உங்கள் பயண நாள்களுக்குள் அது வருகிறதா என்று நாள்காட்டியில் பார்த்து, வருமானால் அந்த இரவு தங்கும் ஊரைவிட்டு வெளியே போகாதபடி வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் திறந்திருக்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.